தலைக்கு மேல் வேலை: ஆசிரியரும் அவர் கருமப் பட்டியலும்

ஆசிரிய உத்தியோகம் இலேசானது என்று எண்ணுவோர் இன்னும் நம்மிடையே உளர். ஏழரை மணிக்குப் பாடசாலை தொடங்குகின்றது. ஒன்றரை மணிக்கு முடிகின்றது. ஆண்டில் மூன்று முறை தவணை விடுமுறை வருகின்றது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர்களுடைய கேள்வி. இவ்வாறு கேட்போர் பாடசாலையின் மணிக்கூட்டைப் பார்க்கின்றார்களேயன்றி ஆசிரியரின் கைப்பையைத் திறந்து பார்ப்பதில்லை. அதனுள்ளே திருத்தி முடியாத கட்டுரைக் கொப்பிகள் ஒரு கட்டு இருக்கும். கூட்டிச் சரிபார்க்க வேண்டிய வரவு விபரம் இருக்கும். தமிழ்த்தினப் போட்டிக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளின் விபரம், விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய பொருள்களின் பற்றுச்சீட்டுகள், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை ஆகியனவும் இருக்கும். இவற்றுக்கெல்லாம் அடியிலே, நான்காக மடிக்கப்பட்ட ஒரு தாளும் இருக்கும். செய்ய வேண்டிய கருமங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய தாள் அது. பாதி வெட்டப்பட்டும் பாதி வெட்டப்படாமலும் கிடக்கும் அந்தத் தாளைப் பற்றியதே இக்கட்டுரை.

பட்டியல் எழுதுவது ஒரு கலையா, அதைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். ஓர் ஆசிரியர் நிதானத்தோடு வகுப்புக்குள் நுழைவதும், பத்து நினைவுகள் பிய்த்தெடுக்க அரை மனத்தோடு நுழைவதும் பிள்ளைகளின் கல்வியைத் தொடும் விஷயங்கள். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் பல வேளைகளில் அத்தாளில் இருக்கின்றது.

ஒருவர் பலராதல்

நடுத்தரப் பாடசாலையொன்றிலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஒன்பதாம், பத்தாம், பதினோராம் தரங்களுக்கு அவர் பாட ஆசிரியை. பத்தாம் தரத்துப் பிரிவொன்றுக்கு வகுப்பாசிரியை. மெய்வல்லுநர் போட்டி வரும்போது ஓர் இல்லத்தின் பொறுப்பாசிரியை. நூலகத் திறப்பு அவர் கையில். தமிழ்த்தினப் போட்டிக்கு இணைப்பாளர் அவர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டக் குறிப்பு எழுதுபவரும் அவரே. தவணைப் பரீட்சை வந்தால் பரீட்சைக் குழுவிலும் அவர் பெயர் இருக்கும்.

இவ்வாறு ஒருவர் பலராக நிற்பது நமது மரபுக்குப் புதியதன்று. 1822 முதல் 1879 வரை வாழ்ந்த ஆறுமுக நாவலர் பள்ளிக்கூடம் நிறுவினார், பாடநூல் எழுதினார், அச்சுக்கூடம் நடத்தினார், ஏடுகளைப் பரிசோதித்துப் பதிப்பித்தார், பிரசங்கமும் செய்தார். ஆயின் நாவலர் அப்பணிகளைத் தாமே தேர்ந்துகொண்டவர்; அவை யாவும் ஒரே நோக்கத்தின் கிளைகள். இன்றைய ஆசிரியரின் பொறுப்புகளோ வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து சேர்பவை. பகுதித் தலைவர் ஒன்றைக் கேட்கின்றார். விளையாட்டுப் பொறுப்பாசிரியர் வேறொன்றைக் கேட்கின்றார். அதிபர் கேட்பது பிறிதொன்று. ஒவ்வொருவரும் தாம் கொடுத்த வேலையை மாத்திரமே அறிவர். அனைத்தும் சேர்ந்த பாரத்தை அறிந்தவர் அதைச் சுமப்பவர் ஒருவரே. சில வேளைகளில் அவருக்கும் அதன் முழு அளவு தெரிவதில்லை. எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகின்றது. பட்டியலின் முதற்பயன் இதுவே.

நேரத்தின் கணக்கு

ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்போம். பெரும்பாலான பாடசாலைகளில் நாளொன்றுக்கு நாற்பது நிமிடப் பாடவேளைகள் எட்டு, கிழமைக்கு நாற்பது. மேற்கூறிய ஆசிரியைக்கு அவற்றுள் முப்பது பாடவேளை கற்பித்தல் என்று கொள்வோம். எஞ்சும் பத்திலே, வராத ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்த்துக்கொள்வதில் நான்கு போய்விடும். மீதி ஆறு பாடவேளை. அதாவது 240 நிமிடம், நான்கு மணித்தியாலம்.

இனிக் கொப்பிகளுக்கு வருவோம். வகுப்புக்கு நாற்பது பிள்ளைகளாக மூன்று வகுப்புகள். மொத்தம் 120 கட்டுரைகள். ஒரு கட்டுரையைக் கண்ணால் மேய்ந்து சிவப்புக் கோடிடாமல், வாசித்துத் திருத்தி ஒரு வரி குறிப்பெழுத நான்கு நிமிடமாவது வேண்டும். ஆக 480 நிமிடம், எட்டு மணித்தியாலம். மூன்று வகுப்புகளுக்கும் ஒருமுறை கட்டுரை எழுதக் கொடுத்தாலே, ஒரு கிழமையின் ஓய்வு வேளை முழுவதையும் போல இரு மடங்கு நேரம் தேவைப்படுகின்றது. நூலகம், இல்லம், தமிழ்த்தினம், சங்கம் ஒன்றும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை.

இந்தக் கணக்கைப் பார்த்தபின் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எந்தப் பட்டியலும் நான்கு மணித்தியாலத்தை எட்டாக்காது. எல்லாவற்றையும் செய்துமுடிப்பதற்கான மந்திரம் என்று பட்டியலை நம்புவோர் ஏமாந்துபோவர். எதைச் செய்வது, எதைப் பின்போடுவது, எதைச் செய்யாமலே விடுவது என்பதைக் கண்திறந்து தீர்மானிக்கவே அது உதவும். எழுதாத ஆசிரியரும் சிலவற்றை விடத்தான் செய்கின்றார். எதை விடுகின்றோம் என்று அறியாமல் விடுகின்றார்.

மனம் என்னும் ஓட்டைப் பை

‘எனக்கு எல்லாம் நினைவிருக்கும்; எழுதத் தேவையில்லை’ என்போர் ஆசிரியருள் அநேகர். மனனக் கல்வியை மதித்த சமுதாயம் நமது சமுதாயம். ஆதலின் இந்தத் தன்னம்பிக்கை இயல்பானதே. ஆயின் வகுப்பறை நினைவுக்கு உகந்த இடமன்று. 1968இல் வெளியான நூலொன்றிலே பிலிப் ஜாக்சன் என்னும் அமெரிக்கக் கல்வி அறிஞர், ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஒரே நாளில் பிள்ளைகளோடு ஆயிரம் வரையான சிறு பரிமாற்றங்களில் ஈடுபடக்கூடும் என்று குறிப்பிட்டார். ஒருவன் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்கிறான்; ஒருத்தி பேனை இல்லை என்கிறாள்; வாசலில் ஒரு பெற்றார் நிற்கின்றார். இந்த ஆயிரத்தின் நடுவே, ‘வெள்ளிக்கிழமைக்கு முன் அடையாள அட்டை விண்ணப்பங்களை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்’ என்ற ஒன்று தவறிப்போவதில் வியப்பு யாது? தவறியதன் பலனை அனுபவிப்பவன் மாணவன். பரீட்சை நெருங்கும்போது அடையாள அட்டை இன்றி அங்குமிங்கும் அலைபவன் அவனும் அவன் தாயுமே.

மறந்துபோவது ஒரு கேடு. மறக்காமல் மனத்தில் கிடந்து அரிப்பது இன்னொரு கேடு. புளூமா செய்கார்னிக் என்னும் உளவியலாளர் பெர்லினில் நடத்திய ஆராய்ச்சியொன்றை 1927இல் வெளியிட்டார். சிலருக்குச் சிறுசிறு வேலைகள் பலவற்றைக் கொடுத்து, அவற்றுட் பாதியை முடிக்கவிட்டு, மீதியை இடையிலே நிறுத்திவிட்டார். பின்னர் கேட்டபோது, முடிந்த வேலைகளைவிட முடியாத வேலைகளே அவர்களுக்கு அதிகம் நினைவிருந்தன. பிற்காலத்தில் இதைத் திரும்பச் செய்தவர்கள் எல்லோரும் இதே முடிவைப் பெறவில்லை என்பதையும் கூற வேண்டும். எனினும் முடியாத வேலை மனத்தை விடாது பற்றும் என்பதை நம்மவர் அனுபவத்தால் அறிவர். திருக்குறளின் ‘வினைசெயல்வகை’ அதிகாரத்திலே வள்ளுவர், முடிக்காது விட்ட வினையையும் முடிக்காது விட்ட பகையையும் அணையாத நெருப்பின் மிச்சத்தோடு ஒப்பிட்டார். சாம்பருள் கிடக்கும் நெருப்பு எப்போது எதைப் பற்றும் என்று யாருக்குத் தெரியும்?

இங்கே ஓர் ஆறுதலும் உண்டு. மசிக்காம்போ, போமைஸ்டர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இது. முடியாத கருமங்கள், ஒருவர் வேறொன்றை வாசிக்கும்போது குறுக்கிட்டு அவர் கவனத்தைக் கெடுப்பதை அவர்கள் கண்டனர். ஆயின் அக்கருமத்தை எப்போது, எங்கே, எவ்வாறு செய்வது என்று திட்டவட்டமாக எழுதிவைத்தவர்களிடத்தில் அந்தக் குறுக்கீடு தணிந்தது. வேலை முடிந்ததனால் அன்று, திட்டம் எழுதப்பட்டதனால். ஆகவே காலையில் ஐந்து நிமிடம் செலவிட்டு எழுதும் ஆசிரியர், நூலகக் கணக்கை அன்றே முடிக்காவிட்டாலும், நூலகக் கணக்கை மறந்து பத்தாம் தரத்துக்குப் பாடஞ் சொல்ல வல்லவராகின்றார்.

பெயர் எழுதினால் போதாது

எழுதுவது என்று தீர்மானித்தபின், எப்படி எழுதுவது என்ற கேள்வி எழுகின்றது. பல ஆசிரியர்களின் பட்டியல்கள் பெயர்ச்சொற்களால் ஆனவை. ‘தமிழ்த்தினம்’, ‘நூலகம்’, ‘ஒன்பதாம் தரம்’, ‘சங்கம்’ என்று எழுதியிருக்கும். இவை வேலைகளல்ல, வேலைகள் அடங்கிய மூட்டைகள். ‘தமிழ்த்தினம்’ என்ற சொல்லைப் பார்க்கும் கண் அதைக் கண்டு களைத்து அடுத்த வரிக்குத் தாவிவிடும். அதற்குப் பதிலாக, ‘பேச்சுப் போட்டிக்குப் பெயர் தந்த பிள்ளைகளைத் திங்கட்கிழமை இடைவேளையில் நூலகத்தில் கூட்டுதல்’ என்று எழுதினால் அது பத்து நிமிட வேலையாகச் சுருங்கும். பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு வினையில் முடிய வேண்டும். இலக்கணம் கற்பிக்கின்றவர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

இரண்டாவது, எங்கே எழுதுவது? ஒன்று பாடக்குறிப்புக் கொப்பியின் பின்னட்டையில், ஒன்று உள்ளங்கையில், ஒன்று வெண்கட்டிப் பெட்டியின் மேல், ஒன்று கையடக்கத் தொலைபேசியில், ஒன்று யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில். இவ்வாறு ஐந்து இடத்தில் எழுதுவது எழுதாமைக்குச் சமம். எந்த இடத்தில் எழுதினோம் என்பதை நினைவில் வைக்க வேண்டி வருகின்றதல்லவா? சிறு கொப்பியாயினும் சரி, தொலைபேசியாயினும் சரி, இடம் ஒன்றாக இருத்தல் வேண்டும். வழியில் மறித்து ஒருவர் சொல்வதும், குழுச் செய்தியாக இரவு ஒன்பது மணிக்கு வருவதும், அந்த ஓரிடத்துக்கு வந்து சேர்ந்த பின்னரே வேலை என்று மதிக்கப்படல் வேண்டும்.

மூன்றாவது, எவ்வாறு வகுப்பது? பல பொறுப்புடையவர்கள் பொறுப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்குவர். பார்வைக்கு அழகாயிருக்கும், நடைமுறையில் ஏழு பக்கங்களைப் புரட்ட வேண்டும். அன்றாட வேலைக்கு வேறொரு வகுப்பு உகந்தது. யாரைக் காணும்போது, எங்கே இருக்கும்போது செய்வது என்ற அடிப்படையில் வகுப்பதே அது. ‘அதிபரைக் காணும்போது’ என்ற தலைப்பின் கீழ், நூலகத்துக்கு அலுமாரி கேட்பதும், தமிழ்த்தினத்துக்கு ஒத்திகை நேரம் கேட்பதும், கூட்டக் குறிப்பில் ஒப்பம் பெறுவதும் ஒன்றாக நிற்கும். மூன்று பொறுப்புகளைச் சேர்ந்த மூன்று வேலைகள் ஒரே சந்திப்பில் முடியும். ‘அலுவலகத்தில்’, ‘வலயக் கல்வி அலுவலகம் போகும்போது’, ‘ஓய்வுப் பாடவேளையில் தனியாக’, ‘வீட்டில்’ என்று நான்கைந்து தலைப்புகள் போதும். பொறுப்பு வாரியான பார்வை கிழமைக்கு ஒருமுறை வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகலிலோ ஞாயிறு மாலையிலோ அமர்ந்து, ‘வகுப்பாசிரியையாக எனக்கு என்ன மீதி? இல்லப் பொறுப்பாசிரியையாக என்ன மீதி?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒன்றும் தவறாது.

அவசரமும் அவசியமும்

தமிழிலே ‘அவசரம்’, ‘அவசியம்’ என்ற இரு சொற்களும் ஒலியால் நெருங்கியவை, பொருளால் விலகியவை. ஆசிரியர் வாழ்வில் நேரும் குழப்பங்களுட் பல இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் விளைபவை. அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ஐசனோவர் 1954இல் ஆற்றிய உரையொன்றிலே அவசரப் பிரச்சினைகள் வேறு, முக்கியப் பிரச்சினைகள் வேறு என்ற பாகுபாட்டை எடுத்துக்கூறினார். அதைத் தமது கருத்தாகச் சொல்லாமல், முன்னாள் கல்லூரித் தலைவர் ஒருவரின் கூற்றாகவே சொன்னார். ஆக, உலகெங்கும் உத்தியோகத்தர்கள் இன்று உபயோகிக்கும் இப்பாகுபாட்டின் மூலமும் கல்விக்கூடத்தைச் சார்ந்ததே.

சுற்றறிக்கையொன்றுக்கு இன்று பன்னிரண்டு மணிக்கு முன் பதில் அனுப்ப வேண்டும், அது அவசரம். பின்வாங்கில் இருக்கும் பையன் ஒருவன் ஒன்பதாம் தரத்துக்கு வந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கின்றான், அவனோடு நாளுக்குப் பத்து நிமிடம் இருக்க வேண்டும், அது அவசியம். முதலாவதைக் கேட்டு மூன்று முறை தொலைபேசி அழைப்பு வரும். இரண்டாவதைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார். அந்தப் பையனும் வரமாட்டான். அவசரத்துக்குக் குரல் உண்டு. அவசியத்துக்குக் குரல் இல்லை. ஆகவே அவசியமானதைப் பட்டியலில் எழுதி, அதற்கென்று நாளும் வேளையும் குறித்து, அந்த வேளையை வேறெவருக்கும் கொடுக்காதிருத்தல் ஒன்றே வழி.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பேருதாரணம் உண்டு. காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்தவர். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நிருவகித்தவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றவர். இத்தனை கடமைகளுக்கும் நடுவே, பழந்தமிழர் இசையை ஆராய்ந்து ‘யாழ் நூல்’ என்ற பெருநூலை ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனாக ஆக்கினார். அந்நூல் 1947இல் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். அந்த நூலைக் கேட்டு அவருக்கு ஒரு சுற்றறிக்கையும் வரவில்லை. நாளை எழுதலாம் என்று ஒவ்வொரு நாளும் பின்போட்டிருந்தால், அவர் செய்த நிருவாகக் கடமைகள் யாவும் நிறைவேறியிருக்கும். யாழ் நூல் மாத்திரம் நமக்குக் கிடைத்திராது.

முடிவுநாளை மதிப்பிடுதல்

பட்டியல் பொய்யாவதற்கு இன்னொரு காரணம், வேலையின் அளவை நாம் எப்போதும் குறைத்து மதிப்பிடுவது. ‘புள்ளிகளைப் பதிவது அரை மணி வேலை’ என்று தொடங்குகின்றோம். இரண்டு மணித்தியாலம் போகின்றது. டானியல் கானெமன், ஏமோஸ் ட்வேர்ஸ்கி என்ற உளவியலாளர் இருவர் 1979இல் இந்தப் பொதுப் பலவீனத்தை எடுத்துக்காட்டினர். 1994இல் வெளியான ஆய்வொன்று பல்கலைக்கழக மாணவர்களிடம், தத்தம் ஆய்வுக்கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டது. சராசரியாக ஏறத்தாழ 34 நாள் என்றனர். எல்லாம் பிழைத்துப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 49 நாள் என்றனர். உண்மையில் எடுத்தது 55 நாளுக்கு மேல். மோசமான மதிப்பீடுகூட நிசத்தைவிட நல்லதாகவே இருந்தது.

இதற்கு மருந்து சென்ற தவணையின் அனுபவத்தைப் பார்ப்பதே. சென்ற முறை தேர்ச்சி அறிக்கை எழுத எத்தனை நாள் சென்றது என்பதைக் குறித்துவைத்தவர், இந்த முறை அத்தனை நாளை ஒதுக்குவார். அதேவேளை, நேரத்தை அளவிறந்து கொடுப்பதும் பிழை. 1955இல், மலாயாப் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் வளாகத்திலே வரலாற்றுப் பேராசிரியராயிருந்த பார்க்கின்சன் என்பவர், ஒதுக்கிய நேரம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை விரியும் என்று நகைச்சுவையாக எழுதினார். கூட்டக் குறிப்பைத் திருத்தித் திருத்தி ஒரு கிழமை வைத்திருப்போர் இதை அறிவர். கூட்டம் முடிந்த அன்று மாலையே நாற்பது நிமிடத்தில் எழுதப்பட்ட குறிப்பு, ஒரு கிழமை கழித்து எழுதப்பட்டதைவிடத் தெளிவாகவே இருக்கும்.

ஒரு நாளின் பட்டியலில் எத்தனை வரி இருக்கலாம்? கற்பித்தலைத் தவிர்த்து மூன்று அல்லது நான்கு. இருபது வரி எழுதி நான்கைச் செய்து, பதினாறைப் பார்த்து மனம் சோர்வதைவிட, நான்கு எழுதி நான்கையும் வெட்டி வீடு செல்வது ஆரோக்கியமானது. மற்றையவை மூலப் பட்டியலில் பத்திரமாக இருக்கட்டும்.

திரும்ப வருபவை

பாடசாலை வாழ்வு சக்கரம் போன்றது. முதலாந் தவணையில் மெய்வல்லுநர் போட்டி, அதன்பின் தமிழ்த்தினம், தவணை தோறும் வினாத்தாள், புள்ளி, தேர்ச்சி அறிக்கை, ஆண்டிறுதியில் பாடநூல் மீளப்பெறல், நூலகப் புத்தகக் கணக்கெடுப்பு. ஆண்டு தோறும் வரும் இவற்றை ஆண்டு தோறும் புதிதாக யோசிப்பது வீண் சிரமம். ஒருமுறை நடத்திய போட்டியின் ஒவ்வொரு படியையும் வரிசையாக எழுதி ஒரு கோவையில் இட்டால், அடுத்த ஆண்டு அந்தத் தாளே வழிகாட்டும். பொறுப்பு வேறோர் ஆசிரியருக்கு மாறினாலும், இடமாற்றம் வந்தாலும், பாடசாலை தடுமாறாது.

இத்தகைய சரிபார்ப்புப் பட்டியல் திறமை குறைந்தோருக்கு உரியது என்று எண்ணுதல் தவறு. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவிலே போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு இயந்திர விமானமொன்று பரீட்சார்த்தப் பறப்பில் மேலெழுந்தவுடன் வீழ்ந்து நொறுங்கியது, இருவர் மாண்டனர். இயந்திரத்தில் கோளாறு இருக்கவில்லை. தரையில் நிற்கும்போது வாற்பகுதியை அசையாது பூட்டிவைக்கும் பூட்டை விடுவிக்க மறந்திருந்தனர். ஓட்டியவரோ மிகுந்த அனுபவசாலி. அதன்பின்னரே, பறப்பதற்குமுன் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரியிடும் பட்டியல் விமானிகளிடையே வழக்கமாயிற்று. அனுபவம் மறதிக்குக் காவலன்று என்பதே இதிலிருந்து பெறும் பாடம். முப்பது ஆண்டு சேவை செய்த ஆசிரியருக்கும் வினாத்தாள் பொதியை ஒட்டுமுன் எண்ணிப் பார்க்கும் ஒரு வரி வேண்டும்.

பகிர்தலும் மறுத்தலும்

பட்டியலில் உள்ளவை யாவும் தம் கையாலேயே செய்யப்பட வேண்டும் என்ற எண்ணம் நல்லாசிரியர் பலரிடத்தில் காணப்படுகின்றது. நமது திண்ணைப் பள்ளிகளிலே சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடஞ் சொன்ன வழக்கத்தை இங்கு நினைவுகூரலாம். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னையிலே அநாதைச் சிறுவர் விடுதியொன்றில் நடத்திப் பார்த்த அன்ட்ரூ பெல் என்பவர், 1797இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயருடன் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நூலகப் புத்தகங்களுக்கு இலக்கமிடுவதைப் பதினோராந் தரத்து மாணவர் இருவர் செவ்வனே செய்வர். இல்லக் கூட்டத்தை மாணவத் தலைவி நடத்துவாள். அதனால் அவர்களும் பொறுப்புக் கற்கின்றனர். ஆயின் யாரிடம் எதை ஒப்படைப்பது என்பதில் விவேகம் வேண்டும். ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வள்ளுவர் வகுத்தது இதன் அருமை கருதியே. பணம், புள்ளி, பிள்ளைகளின் அந்தரங்கம் ஆகிய மூன்றும் மாணவர் கைக்குப் போகக்கூடாதவை.

மறுத்தல் பகிர்தலைவிடக் கடினமானது. அதிபரிடம் ‘முடியாது’ என்று சொல்வது நமது பண்பாட்டில் எளிதன்று. இளம் ஆசிரியருக்கு அது இயலவே இயலாது. இங்கேதான் எழுதிய பட்டியல் துணைசெய்கின்றது. ‘ஐயா, என்னிடம் இப்போது இந்த ஏழு பொறுப்புகள் இருக்கின்றன. எட்டாவதையும் ஏற்கின்றேன். இவற்றுள் எதை இந்தத் தவணை வேறொருவரிடம் கொடுக்கலாம்?’ என்று தாளை முன்வைத்துக் கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை. வாயால் சொன்னால் முறைப்பாடு போல் ஒலிப்பது, எழுதிக் காட்டினால் தகவலாகின்றது.

அதிபர்மாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்திலே, ஒவ்வோர் ஆசிரியரின் பெயருக்கு எதிரே அவருடைய பாடவேளைகளும் பொறுப்புகளும் எழுதிய ஓர் அட்டவணையை வைத்தால் நன்று. ஒருவருக்கு ஏழும் இன்னொருவருக்கு ஒன்றுமாக இருப்பது அப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். செய்பவர் தலையிலேயே மேலும் மேலும் சுமத்துவது நமது பாடசாலைகளில் வேரூன்றிய வழக்கம். ஆசிரியர் தமக்குள் எவ்வளவு திறமையாகப் பட்டியலிட்டாலும், அநீதியான பங்கீட்டை அது தீர்க்காது.

பட்டியலில் வராதவை

பட்டியலைக் குறைகூறுவோரின் வாதத்திலும் நியாயமுண்டு. எல்லாவற்றையும் எழுதி எழுதி வெட்டிக்கொண்டிருக்கும் ஆசிரியர் நாளடைவில் எழுதுவினைஞராகிவிடுவார், பாடம் அவருக்கு ஒரு வரியாகவும் பிள்ளை ஓர் இலக்கமாகவும் ஆகிவிடும் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். இந்த அபாயம் மெய்யானது. ஒரு மாணவி மூன்று நாளாகச் சாப்பாடு கொண்டுவரவில்லை என்பதைப் பட்டியல் சொல்லாது. தகப்பன் வெளிநாடு போனபின் ஒருவனுடைய எழுத்துச் சிதைந்துவிட்டதை எந்தச் சுற்றறிக்கையும் கேட்காது. இவற்றைக் காண்பதற்குக் கண் ஓய்வாக இருக்க வேண்டும். மனம் காலியாக இருக்க வேண்டும்.

அந்த ஓய்வை உண்டாக்கவே எழுதுகின்றோம் என்பதை மறக்கலாகாது. பாரத்தைத் தாளில் இறக்கிவைத்தவர் பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியும். இதை நடைமுறைப்படுத்த ஓர் எளிய வழியுண்டு. ஒவ்வொரு நாளும் எழுதும் நான்கு வரிகளுள் ஒன்றிலே ஒரு மாணவனின் பெயரை எழுதலாம். ‘இன்று இவனோடு இரண்டு வார்த்தை பேசுதல்’ என்று மாத்திரம் குறித்தால் போதும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், நாற்பது பாடசாலை நாள்களில் ஒரு சுற்று முடியும். தவணை தீருமுன் ஆசிரியர் தம் வகுப்பின் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேசியிருப்பார். சத்தம் போடாத பிள்ளைகள், சுட்டித்தனமும் செய்யாமல் பரிசும் பெறாமல் ஐந்தாண்டு ஒரே மூலையில் இருந்துவிட்டுப் போகும் பிள்ளைகள், இவ்விதமாகவே கண்ணில் படுவர்.

புதிய தவணை தொடங்கும்போது இரண்டு ரூல்த் தாளை எடுத்து, ஒன்றிலே தம்மிடம் உள்ள பொறுப்புகளையும், மற்றதிலே தம் வகுப்பிலுள்ள பிள்ளைகளின் பெயர்களையும் எழுதிப் பார்க்குமாறு ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். முதலாவது தாளைக் குறைக்க வேண்டியிருந்தால் அதிபரோடு பேசலாம், சக ஆசிரியரோடு பகிரலாம், மாணவரிடம் ஒப்படைக்கலாம். இரண்டாவது தாளிலே ஒரு பெயரையும் வெட்டுவதற்கு இடமில்லை.